உச்சிவெயிலில் ஏறிய வோல்டேஜ்: ஸ்பெயின் இருண்ட 27 விநாடி

நம் ஊரில் வோல்டேஜ் பிரச்சினை என்றால் அது லோ வோல்டேஜ்தான். சாயங்காலம் ஏழு மணிக்கு ட்யூப்லைட் பிடிக்காமல் சிமிட்டும், மிக்ஸி முனகும், ஃப்ரிட்ஜ் பக்கத்தில் ஸ்டெபிலைசர் டக் டக்கென்று அடித்துக்கொள்ளும். வோல்டேஜ் கூடிப்போனால் என்ன ஆகும் என்று நாம் அவ்வளவாக யோசிப்பதில்லை. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் முழுக்க இருண்டது வோல்டேஜ் கூடிப்போனதால்தான். வோல்டேஜ் ஏறியதால் ஒரு நாட்டின் மின்தொகுப்பே சரிந்து விழுந்தது ஐரோப்பாவில் இதுதான் முதல் முறை என்று, ஐரோப்பிய மின்தொகுப்பு இயக்குநர்களின் கூட்டமைப்பு அமைத்த நிபுணர் குழு அந்த ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

அன்று திங்கட்கிழமை. நல்ல வெயில், மின்தேவையும் அதிகமில்லை. மதியம் 12:33க்கு மாட்ரிட்டில் மெட்ரோ ரயில்கள் சுரங்கத்துக்குள்ளேயே நின்றன. சிக்னல் விளக்குகள் அணைந்தன. வெளியூர் ரயில்கள் வயல்வெளி நடுவே நின்றுபோயின. மாட்ரிட்டில் நடந்துகொண்டிருந்த சர்வதேச டென்னிஸ் போட்டி பாதியில் நின்றது. லிஸ்பனிலும் இதே கதை. ஸ்பெயினின் தீவுகளும், கடலுக்கு அப்பால் ஆப்பிரிக்கக் கரையிலிருக்கும் சேயுட்டா, மெலியா நகரங்களும் மட்டும் தனி மின்தொகுப்பில் இருந்ததால் தப்பின.

மறுநாளே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அந்த நேரத்தில் ஸ்பெயினின் மின் உற்பத்தியில் சுமார் 60 சதவீதம் சூரிய மின்சாரம். ஆகவே 'சோலார்தான் கவிழ்த்தது' என்று ஒரு கூட்டம் சொன்னது. 'சோலாருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை' என்று இன்னொரு கூட்டம் சொன்னது. அறிக்கைகளை வரிசையாகப் படித்த பிறகு இரண்டுமே எனக்குத் தவறாகப் படுகின்றன. சூரிய மின்நிலையங்கள் அங்கே ஏராளமாக இருந்தன. ஆனால் வோல்டேஜைப் பிடித்து நிறுத்தும் வேலையில் அவற்றைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. சேர்த்துக்கொள்ள வேண்டாம் என்று விதியே இருந்தது.

வோல்டேஜை யார் பிடித்திருக்கிறார்கள்?

மின்தொகுப்பில் காக்க வேண்டியவை முக்கியமாக இரண்டு. ஒன்று ஃப்ரீக்வென்ஸி. அது தொகுப்பு முழுவதற்கும் ஒன்று. சாதாரண நேரத்தில் லிஸ்பனிலும் வார்சாவிலும் ஒரே 50 ஹெர்ட்ஸ்தான் துடிக்கும். போலந்தில் ஒரு நிலையம் உற்பத்தியைக் கூட்டினால் ஸ்பெயினின் ஃப்ரீக்வென்ஸிக்கும் அது தாங்கலாகும். வோல்டேஜ் அப்படியில்லை. அது அந்தந்த ஊர்ச் சமாச்சாரம். கிரானடாவில் ஏறும் வோல்டேஜைக் கிரானடாவுக்குப் பக்கத்தில் இருப்பவர்தான் இறக்க முடியும். வடக்கே எத்தனை நிலையம் ஓடினாலும் தெற்கே பயன்படாது.

அதை ஏற்றி இறக்கும் கருவி ரியாக்டிவ் பவர். பம்ப்செட் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். மோட்டாருக்குக் காந்தப்புலம் வேண்டும், அதற்காக ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் ஆற்றலை வாங்கித் திருப்பிக் கொடுக்கும். ஊஞ்சல் மாதிரி போய்ப் போய் வரும் இந்த ஆற்றல் எந்த வேலையும் செய்யாது, ஆனால் அது இல்லாமல் மோட்டார் சுற்றாது. அதைத் தூரத்திலிருந்து இழுக்காமல் பக்கத்திலேயே கொடுக்கத்தான் மோட்டாருக்குக் கெப்பாசிட்டர் மாட்டுகிறோம். மாட்டினால் வோல்டேஜ் கொஞ்சம் தூக்கும். சுருக்கமாக: ரியாக்டிவ் பவரை உள்ளே கொடுத்தால் வோல்டேஜ் ஏறும், உறிஞ்சினால் இறங்கும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு குணம், நீண்ட உயரழுத்தப் பாதை தானே ஒரு பெரிய கெப்பாசிட்டர். அதில் நிறைய மின்சாரம் ஓடும்போது அது தன் ரியாக்டிவ் பவரைத் தானே தின்றுவிடும். குறைவாக ஓடினால் மிச்சமாகி வோல்டேஜைத் தூக்கும். சுமை குறைந்த நேரத்தில் வோல்டேஜ் ஏறுவது இதனால்தான். முன்பெல்லாம் இது நடுராத்திரிப் பிரச்சினை. இப்போது கூரைகளில் சோலார் வந்தபின், வெயில் அடிக்கும் மதியத்திலும் பெரிய பாதைகள் வெறிச்சோடிக் கிடக்கின்றன.

மிச்சமாகும் இதை யார் உறிஞ்சுவது? அணு, எரிவாயு, நீர் மின்நிலையங்களில் சுழலும் பெரிய ஜெனரேட்டர்கள் வோல்டேஜைப் பார்த்துப் பார்த்துத் தாமாகவே உறிஞ்சும், கொடுக்கும். ஸ்பெயினில் 2000ஆம் ஆண்டிலிருந்து இருந்த 7.4 என்ற செயல்முறை விதி இந்த வேலையை அவற்றிடம்தான் ஒப்படைத்தது. சூரிய, காற்று மின்நிலையங்களுக்கு வேறு விதி: பவர் ஃபாக்டரை, அதாவது தரும் மின்சாரத்துக்கும் ரியாக்டிவ் பவருக்கும் உள்ள பொருத்தத்தை, ஒரே அளவில் வைத்துக்கொள், மற்றதைப் பற்றிக் கவலைப்படாதே.

இந்த 'ஒரே அளவு' என்பதன் விளைவைக் கணக்கில் பார்த்தால்தான் புரியும். 0.98 பவர் ஃபாக்டரில் உறிஞ்சும்படி ஒரு சூரிய மின்நிலையத்தை வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். அது 100 மெகாவாட் தரும்போது சுமார் 20 மெகாவார் ரியாக்டிவ் பவரை உறிஞ்சும். மின்சந்தையில் விலை பூஜ்யத்துக்குக் கீழே போகிறது, நிலையம் உற்பத்தியை 50 மெகாவாட்டாகக் குறைக்கிறது. உறிஞ்சுவதும் உடனே 10 ஆகிவிடும். அதாவது வோல்டேஜ் எப்படி இருக்கிறது என்று பார்க்காமலே, வெறும் விலைக்காக, வோல்டேஜை இறக்கிப் பிடித்த கைகளில் பாதி விலகிவிடுகிறது. ஒரு நிலையம் என்றால் பரவாயில்லை. தெற்கு ஸ்பெயினில் ஆயிரக்கணக்கான மெகாவாட் ஒரே விலையைப் பார்த்து ஒரே நிமிடத்தில் இதைச் செய்யும். இத்தனைக்கும் சோலார் மின்சாரத்தைத் தொகுப்புக்கு ஏற்றபடி மாற்றித்தரும் இன்வெர்ட்டர்கள் கண் இமைக்கும் நேரத்தில் ரியாக்டிவ் பவரை மாற்றக்கூடியவை. சரியாக வடிவமைத்தால் வெயிலே இல்லாத ராத்திரியிலும் செய்யும். கேட்டிருந்தால் செய்திருக்கும். கேட்கவில்லை.

முந்தைய நாள் இரவிலிருந்து

ஏப்ரல் 28க்காக, வோல்டேஜைப் பிடிக்க ரெட் எலெக்ட்ரிகா நிறுவனம் ஓடச் சொல்லி ஏற்பாடு செய்தது 10 ஜெனரேட்டர் நிலையங்களை. 2025இல் அதுவரை இருந்ததிலேயே மிகக் குறைவான எண்ணிக்கை இது. ஸ்பெயின் மின்தொகுப்பை இயக்கும் பொறுப்பு இந்த நிறுவனத்துடையது. முந்தைய நாள் மாலை, தெற்கே ஆந்தலூசியாவில் இருந்த ஒரு நிலையம் நாளை ஓட முடியாது என்று சொல்லிவிட்டது. அதற்குப் பதிலாக வேறொன்றைப் போடவில்லை. தெற்குதான் சூரிய மின்சாரம் குவிந்திருக்கும் பகுதி என்பதையும், வோல்டேஜ் ஊர்ச் சமாச்சாரம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த ஒரு நிலையத்தின் கனம் தெரியும்.

காலையிலிருந்தே வோல்டேஜ் ஆடிக்கொண்டிருந்தது. 12:03க்கு விநோதமான ஓர் அலைவு தொடங்கியது: 0.6 ஹெர்ட்ஸ், ஐந்து நிமிடம் நீடித்தது. படாஹோஸ் மாகாணத்திலிருந்த ஒரு சூரிய மின்நிலையத்தை ஸ்பெயின் அரசுக் குழுவின் அறிக்கை இதற்குச் சுட்டுகிறது. அடங்கியது என்று மூச்சு விடும்போது 12:19க்கு இன்னொன்று வந்தது. இது 0.2 ஹெர்ட்ஸ், கண்டம் தழுவிய பழைய அலைவு. ஐரோப்பாவின் ஒரு கோடியும் மறு கோடியும் ஒன்றை ஒன்று இழுத்துத் தள்ளும் ஆட்டம் அது.

கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் பாடப்புத்தகம் சொன்னதைச் செய்தார்கள். அணைத்து வைத்திருந்த மின்பாதைகளை இணைத்தார்கள். தொகுப்பு இறுகினால் ஆட்டம் அடங்கும். பிரான்சுக்குப் போகும் ஏற்றுமதியைக் குறைத்தார்கள். எல்லையில் ஓட்டம் குறைந்தாலும் ஆட்டம் அடங்கும். பிரான்சுடனான நேர்மின் (டி.சி.) இணைப்பை ஒரே அளவில் மின்சாரம் அனுப்பும் நிலைக்கு மாற்றினார்கள். ஆட்டம் அடங்கியது.

இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு மனசு கனத்துவிட்டது. ஒவ்வொரு நடவடிக்கையும் சரி. ஆனால் ஒவ்வொன்றும் வோல்டேஜை ஏற்றும். கூடுதல் பாதை என்றால் கூடுதல் கெப்பாசிட்டர். ஓட்டம் குறைந்தால் பாதை வெறுமையாகி ரியாக்டிவ் பவர் மிச்சமாகும். ஒரு நோய்க்குக் கொடுத்த மருந்து இன்னொரு நோயை வளர்த்தது. அந்த இன்னொரு நோயைக் கவனிக்க வேண்டிய மருத்துவர்கள் அன்று பத்துக்கும் குறைவு.

அவர்களுக்கும் தெரிந்திருந்தது. தெற்கே ஓர் எரிவாயு நிலையத்தை உடனே ஓட்டச் சொல்லி 12:26க்குக் கேட்டார்கள். குளிர்ந்து கிடக்கும் நிலையம் சூடாகித் தொகுப்பில் சேர மதியம் 2 மணி ஆகும். அதற்குள் நாடு இருண்டு ஒன்றரை மணி நேரமாகியிருந்தது.

27 விநாடி

12:32:57. கிரானடா பகுதியில், பல சூரிய, காற்று மின்நிலையங்களின் மின்சாரத்தைத் திரட்டி 400 கிலோவோல்ட் பாதைக்கு ஏற்றும் மின்மாற்றி ஒன்று டிரிப் ஆனது. 355 மெகாவாட் போயிற்று. அதைவிட முக்கியம், அந்த மின்மாற்றி வழியாக உறிஞ்சப்பட்டுக்கொண்டிருந்த 165 மெகாவார் ரியாக்டிவ் பவரும் போயிற்று. வோல்டேஜை இறக்கிப் பிடித்தவர் கையை விட்டதும் வோல்டேஜ் இன்னும் மேலே ஏறியது.

மின்மாற்றியின் 400 கிலோவோல்ட் பக்கத்தில் அப்போது இருந்தது சுமார் 418 கிலோவோல்ட். ஸ்பெயின் விதிப்படி 435 வரை சகஜம். நிலையத்தின் பக்கமிருந்த 220 கிலோவோல்ட் பகுதியில்தான் வோல்டேஜ் பாதுகாப்புக் கருவியின் எல்லையைத் தாண்டியிருந்தது. மின்மாற்றியின் இரு பக்க விகிதத்தை மாற்றும் டேப் சற்று வேறு இடத்தில் இருந்திருந்தால் இரு பக்கமும் பொருந்திப் போயிருக்கும். நாட்டின் மின்தொகுப்பு முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்த கட்டுப்பாட்டு அறைத் திரையில் எல்லாம் எல்லைக்குள் இருந்தது. அந்தத் திரைக்கு வெளியே, நிலையத்தின் சொந்த இணைப்பில், கழுத்துவரை வந்துவிட்டிருந்தது.

அப்புறம் 19 விநாடி. 12:33:16க்குப் படாஹோஸில் 700 மெகாவாட்டுக்கு மேல். அடுத்த சில விநாடிகளில் செகோவியா, உவெல்வா, செவியா, காசெரெஸ் என்று இடம் இடமாக. ஒவ்வொரு நிலையமும் விழும்போது அது உறிஞ்சிக்கொண்டிருந்ததும் சேர்ந்து விழும், வோல்டேஜ் ஏறும், அடுத்தது விழும். இவற்றில் சில, தாங்க வேண்டிய எல்லை வருவதற்கு முன்பே கழன்றுகொண்டன என்று அரசு அறிக்கை சொல்கிறது.

இவ்வளவு உற்பத்தி போனதும் ஃப்ரீக்வென்ஸி சரிந்தது. இந்தச் சரிவுக்கு எல்லா நாட்டிலும் ஒரு தானியங்கித் தற்காப்பு உண்டு: சுமையைக் கட்டம் கட்டமாக வெட்டுவது. முதலில் அணைகளுக்குத் தண்ணீர் ஏற்றும் பெரிய பம்புகள், பிறகு ஊர்கள். ஸ்பெயினிலும் அது வடிவமைத்தபடியே வேலை செய்தது. ஆனால் சுமையை வெட்டினால் பாதைகள் இன்னும் வெறுமையாகும். வோல்டேஜ் இன்னும் ஏறும். ஃப்ரீக்வென்ஸியைக் காக்க வந்த காவல் வோல்டேஜை உந்தித் தள்ளியது. உற்பத்தி குறைந்தால் வோல்டேஜும் சேர்ந்து இறங்கும் என்ற பழைய அனுபவத்தின்மேல் கட்டிய ஏற்பாடு அது. வோல்டேஜ் ஏறிக்கொண்டே ஃப்ரீக்வென்ஸி இறங்கும் நாள் ஒன்று வரும் என்று அதை அமைத்தவர்கள் நினைத்திருக்கவில்லை. என்னைப் பொறுத்தவரை இந்த நிகழ்விலிருந்து உலகம் முழுக்கப் பொறியாளர்கள் எடுத்துப்போக வேண்டிய செய்தி இதுதான். கிரானடாவைவிட, படாஹோஸைவிட இதுவே பெரியது.

12:33:21க்குப் பிரான்சுடனான மாறுமின் (ஏ.சி.) இணைப்புகள் அறுந்தன. 12:33:24க்கு எல்லாம் முடிந்தது. ஓடிக்கொண்டிருந்த அணு உலைகள் பாதுகாப்பாக நின்று, டீசல் ஜெனரேட்டர்களில் தங்களைக் குளிர்வித்துக்கொண்டன.

மீட்சி பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் அது நன்றாகவே நடந்தது. பிரான்சும் மொராக்கோவும் இரு பக்கமிருந்தும் மின்சாரம் கொடுத்தன. நீர்மின் நிலையங்கள் வெளி மின்சாரம் இல்லாமல் தாமே கிளம்பின. போர்ச்சுகலில் காஸ்டெலோ டோ போடே அணையும் டபாடா டோ ஒட்டெய்ரோ எரிவாயு நிலையமும் அந்த வேலையைச் செய்தன. நள்ளிரவு தாண்டியதும் போர்ச்சுகலும், விடியற்காலை நான்கு மணிவாக்கில் ஸ்பெயினும் மீண்டன. முழு இருட்டிலிருந்து இவ்வளவு பெரிய தொகுப்பை ஒரே இரவில் எழுப்பியவர்களுக்குக் கை கூப்பத்தான் வேண்டும்.

யார் பொறுப்பு

2025 ஜூன் 17 அன்று எரிசக்தித் துறையைக் கவனிக்கும் துணைப் பிரதமர் சாரா ஆகெசென் அரசுக் குழுவின் அறிக்கையை வெளியிட்டார். ஒரே காரணம் என்று எதையும் அது சொல்லவில்லை. வோல்டேஜைப் பிடிக்கும் திறன் போதவில்லை என்றது. ஓட ஏற்பாடு செய்திருந்த ஜெனரேட்டர்களில் பல, விதி கேட்ட அளவு உறிஞ்சவில்லை என்றது. உறிஞ்ச வேண்டிய நேரத்தில் ரியாக்டிவ் பவரைக் கொடுத்த நிலையமும் உண்டு என்றது. சில நிலையங்கள் கழன்றுகொண்டது முறையற்றது என்றது.

ரெட் எலெக்ட்ரிகா தன் திட்டமிடல் சரி, ஜெனரேட்டர்கள் கடமையைச் செய்யவில்லை என்றது. மின் உற்பத்தி நிறுவனங்களின் சங்கம் அதை மறுத்தது: நாங்கள் விதிப்படிதான் நடந்தோம், போதிய நிலையங்களை ஓட ஏற்பாடு செய்யாதது இயக்குநரின் தவறு என்றது. வழக்கு, இழப்பீடு எல்லாம் இதில் தொங்குவதால் இருவரும் சீக்கிரம் ஒத்துப்போக மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் தீர்மானமாகச் சொல்லலாம். முதல் நாளிலிருந்து பலர் பேசிய 'இனெர்ஷியா குறைவு' (கனமாகச் சுழலும் இயந்திரங்கள் சட்டென வேகம் மாறாமல் தாங்கும் குணம் போதவில்லை என்பது) இதன் வேர் கிடையாது. கனமான சுழல்சக்கரங்கள் இன்னும் நாலு இருந்திருந்தால் சரிவு கொஞ்சம் தாமதமாகியிருக்கும், அவ்வளவுதான். ஏறிக்கொண்டே போன வோல்டேஜை இனெர்ஷியா இறக்காது. அந்தச் சக்கரங்களோடு வரும் வோல்டேஜ் கட்டுப்பாடுதான் இறக்கும். அந்தக் கட்டுப்பாட்டுக்குச் சக்கரம்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை.

இதற்குத் தெற்கு ஆஸ்திரேலியா சாட்சி. 2016 செப்டம்பர் 28 அன்று சூறாவளியில் உயரழுத்தக் கோபுரங்கள் சாய்ந்து, காற்றாலைகளில் இருந்த ஒரு பாதுகாப்பு அமைப்பால் 456 மெகாவாட் திடீரென விழுந்து, மாநிலம் முழுக்க இருண்டது. காற்றாலை வேண்டாம் என்று அங்கேயும் குரல் எழுந்தது. அவர்கள் செய்தது வேறு. காற்றாலைகளின் அமைப்பை மாற்றினார்கள். மறு ஆண்டே ஹார்ன்ஸ்டேலில் பெரிய பேட்டரியை நிறுவினார்கள். 2021இல் டேவன்போர்ட்டிலும் ராபர்ட்ஸ்டவுனிலும் நான்கு சின்க்ரோனஸ் கண்டென்சர்களை ஓட்டத் தொடங்கினார்கள். எரிபொருள் இல்லாமல் சும்மா சுழன்றுகொண்டு, வோல்டேஜைப் பிடிக்க மட்டும் இருக்கும் இயந்திரங்கள் அவை. அதனால், தொகுப்பைத் தாங்குவதற்காகவே ஓட வைத்த எரிவாயு நிலையங்களின் எண்ணிக்கையைக் குறைக்க முடிந்தது.

ஸ்பெயினில் 7.4 விதியை மாற்ற வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டாக இருந்தது. இருட்டு வந்து ஒன்றரை மாதத்தில், 2025 ஜூனில், புதிய விதிக்கு ஒழுங்குமுறை ஆணையம் ஒப்புதல் கொடுத்தது. இனிமேல் சூரிய, காற்று மின்நிலையங்களும் வோல்டேஜைப் பார்த்து ரியாக்டிவ் பவரைக் கூட்டிக் குறைக்கலாம். அதற்குக் காசும் உண்டு. இத்தனை ஆண்டு ஆறிக்கிடந்த ஒரு காகிதம் ஆறு வாரத்தில் நகர்ந்ததைப் பார்க்கும்போது ஆற்றாமையாக இருக்கிறது.

நம் பக்கம் இதில் ஓரளவு முன்னே இருக்கிறோம். தமிழ்நாட்டின் பழைய காற்றாலைகள் ரியாக்டிவ் பவரை இழுத்து வோல்டேஜைக் கீழே தள்ளியதால், அதற்கெனத் தனிக் கட்டணம் வெகுகாலமாகவே உண்டு. புதிய சூரிய, காற்று மின்நிலையங்கள் இரு பக்கமும் ரியாக்டிவ் பவர் தரும் திறனோடு வர வேண்டும், வோல்டேஜ் ஏறினாலும் சற்று நேரம் தாங்கி நிற்க வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் விதிகள் கேட்கின்றன. ஆனாலும் ராஜஸ்தானின் சூரிய மின்நிலையத் திரள்களில் வோல்டேஜ் ஆடி, ஒரே மூச்சில் ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் விழுந்த நிகழ்வுகள் 2022 முதல் பலமுறை பதிவாகியிருக்கின்றன. விதியில் இருப்பது இன்வெர்ட்டரின் அமைப்பில் இருக்கிறதா என்று நிலையம் நிலையமாகச் சோதித்தால்தான் தெரியும். அந்தச் சோதனைக்கு ஆள் போட வேண்டும், அலட்சியம் காட்டும் நிலையத்தைத் தொகுப்பில் சேர்க்காமல் இருக்கத் துணிவும் வேண்டும்.

ஸ்பெயினில் இன்னும் முடியவில்லை. அந்த ஏப்ரலுக்குப் பிறகு, வோல்டேஜைப் பிடிக்கவென்றே ரெட் எலெக்ட்ரிகா கூடுதலான எரிவாயு நிலையங்களைத் தினமும் ஓட்டி வைக்கிறது. வெயில் தாராளமாகக் கொடுக்கும் மதியத்திலும் அங்கே எரிவாயு எரிகிறது; அதன் செலவு மக்களின் மின்கட்டணத்தில் ஏறுகிறது. 2025 அக்டோபரில் வோல்டேஜ் மீண்டும் வேகமாக ஏறி இறங்கத் தொடங்கியதாக அதே நிறுவனம் ஆணையத்துக்கு எழுதி, விதிகளை அவசரமாக மாற்றக் கேட்டது. ஜூனில் ஒப்புதல் பெற்ற விதி காகிதத்தில் தயார். அதன்படி வோல்டேஜைப் பிடிக்க ஒவ்வொரு சூரிய மின்நிலையமும் சோதனைக்கு உட்பட்டுத் தகுதி பெற வேண்டும். அது நடந்து முடியாத நிலையங்களின் இன்வெர்ட்டர்கள் பழைய பவர் ஃபாக்டரிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.